கோமதிநாயகத்தின் குறட்டைக்கு வந்த விருந்தாளிகள்

கோமதிநாயகத்தின் குறட்டை பேச்சாக மாறிய அன்றைக்கு மில் காலனியில் தண்ணீர் வரவில்லை, அதனால் ஊர் முதலில் தண்ணீர் வராததைப் பற்றித்தான் பேசியது. குழாயடியில் குடத்தை வரிசை போட்டுவிட்டு வேப்ப மர நிழலில் உட்கார்ந்திருந்த பெண்கள், நாலாவது லைன் கடைசி வீட்டு ஜன்னலுக்குள்ளிருந்து யாரோ ஒரு ஆம்பளை, ஆக்டோபஸுக்கு மூன்று இதயம் உண்டு என்பதையும் நீந்தும்போது அதில் ஒன்று நின்றுவிடும் என்பதையும் நிறுத்தி நிதானமாகச் சொல்வதைக் கேட்டார்கள், ரேடியோ என்று நினைத்தார்கள், மூன்று இதயம் இருந்தும் குழாயடிக்கு வந்து நிற்க வேண்டாத பிறவி கொடுத்து வைத்த பிறவி என்று ஒருத்தி சொன்னாள், அத்தோடு பேச்சு மறுபடி தண்ணீருக்குத் திரும்பியது.

வீட்டுக்குள்ளே முப்புடாதி மடியில் பீடித் தட்டை வைத்துக்கொண்டு, சுற்றிய பீடிக்கு நூல் கட்ட மறந்து, கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டிலில் கிடந்தது அவள் புருஷன்தான், சந்தேகமில்லை. நைட் ஷிப்ட் முடித்து வந்து குளித்து, சுரைக்காய்க் கூட்டைப் பிசைந்து சாப்பிட்டு, எப்போதும்போல வாயைத் திறந்து மல்லாந்து கிடந்தார். ஆனால் எப்போதும் லாரி மேடேறுகிற சத்தம் வருகிற அந்த வாயிலிருந்து இன்றைக்கு வார்த்தை வந்தது. மூச்சை உள்ளே இழுக்கும்போது கேள்வி, வெளியே விடும்போது பதில். கேட்கிற குரல் அவருடையதுதான், துவைத்து இஸ்திரி போட்டு மடித்ததுபோல இருந்தது. பதில் சொல்கிற குரல் யாரோ கடலுக்குள் இறங்குகிற மனுஷருடையது, நடுநடுவே இருமல் வேறு. முப்புடாதி எழுந்து வந்து நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். சுடவில்லை. சரி, காய்ச்சல் இல்லை என்றால் தூங்கட்டும் என்று போய் மிச்சப் பீடியைக் கட்டினாள்.

இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்று கேட்கிறவர்களுக்குக் கோமதிநாயகத்தைத் தெரியாது. அந்த மனுஷன் முழித்திருக்கையில் பேசி ஊரில் யாரும் கேட்டதில்லை. ஸ்பின்னிங் மில்லில் மெஷின் போடுகிற சத்தத்தில் யார் பேசினாலும் யாருக்கும் கேட்காது, அதனால் அங்கே எல்லாரும் கையாலேயே பேசுவார்கள். மற்றவர்கள் மில் கேட்டைத் தாண்டியதும் வாயைத் திறந்துவிடுவார்கள், இவர் அந்தக் கையை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். சோறு போதும் என்றால் உள்ளங்கையைக் காட்டுவார். டீ வேண்டும் என்றால் பெருவிரலை உதட்டுக்குக் கொண்டுபோவார். பிள்ளை பிறந்து ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து காட்டியபோது இரண்டு கையாலும் தொட்டிலாட்டுகிற மாதிரி ஆட்டிக் காட்டினார், அந்தப் பிள்ளை கல்யாணமாகித் திருப்பூர் போன அன்றைக்குப் போய்வா என்று கையை அசைத்தார். கோபம், சந்தோஷம், வயிற்றுவலி மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு 'ம்' வைத்திருந்தார்.

அன்று சாயங்காலம் டீயைக் கையில் கொடுத்து முப்புடாதி கேட்டாள், கனவு ஏதும் கண்டீகளா என்று. 'ம்ஹூம்' என்றார். ஆக்டோபஸ் தெரியுமா என்றாள். அவர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார், டீயைக் குடித்தார், சைக்கிளை எடுத்துக்கொண்டு மில்லுக்குப் போனார்.

அடுத்த வீட்டுச் சண்முகக்கனிதான் இதை முதலில் கண்டுபிடித்தது என்று அவளே சொல்லிக்கொண்டு திரிந்தாள். உப்பு வாங்க வந்தவள், கட்டிலில் கிடந்து புறாவின் கல்யாணப் பழக்கவழக்கங்களைப் பற்றி ஒரு பேராசிரியையோடு உரையாடிக்கொண்டிருந்த கோமதிநாயகத்தைப் பார்த்துவிட்டு, உப்பை மறந்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிற தன் மகளுக்குப் போன் போட்டு, போனைக் கட்டிலோரம் நீட்டிப் பிடித்தாள். மகள் கேட்டுவிட்டு, இதுக்குப் பேரு பாட்காஸ்ட்டும்மா, இங்க எல்லாரும் காதுல மாட்டிக்கிட்டேதான் அலையுதாங்க, உங்களுக்கு மாட்டாமலே கிடைக்குது, பேசாமக் கேளுங்க என்று வைத்துவிட்டாள். பெயர் கிடைத்துவிட்டதால் பயம் போய்விட்டது. பெயர் தெரியாததற்குத்தானே பூசாரியைக் கூப்பிட வேண்டும், இது கோயம்புத்தூரிலேயே நடக்கிறது என்றால் அப்புறம் என்ன.

அதன் பிறகு மத்தியானமானால் நாலாவது லைனில் செருப்பு வைக்க இடமில்லாமல் போனது. யூனியனில் முன்பு செயலாளராக இருந்து இப்போது எதற்கும் செயலாளராக இல்லாததால் உடம்பு இளைத்துப்போயிருந்த தங்கப்பாண்டி, ஒரு கமிட்டி போட்டுத் தன்னையே செயலாளராக்கிக்கொண்டார். பெண்களுக்கு உள்ளே பாய், ஆண்களுக்குச் சந்தில் பெஞ்சு, கேள்வி வரும்போது யாரும் இருமக் கூடாது, பதில் வரும்போது இருமலாம் என்று ஒழுங்கு செய்தார். சேவுக்கடை வைகுண்டம் அண்ணாச்சி சும்மா இருப்பாரா, காராச்சேவை ஒரு கிண்ணத்தில் போட்டுக் கோமதிநாயகத்தின் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் நைசாக வைத்துவிட்டுப் போனார். அன்றைக்குப் பேச்சு நடுவழியில் நின்று, இந்தப் பகுதியை உங்களுக்கு வழங்குவது மொறுமொறு வைகுண்டம் காராச்சேவு என்று கோமதிநாயகமே சொன்னார். பிறகு ஒன்றும் நடக்காததுபோல எகிப்து ராஜாக்களுக்குப் போய்விட்டார். வைகுண்டம் அண்ணாச்சிக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

எதைப் பற்றித்தான் பேசவில்லை அந்த மனுஷன். தூக்கத்தைப் பற்றித் தூங்கிக்கொண்டே பேசினார், அதைக் கேட்டுக் காலனியில் பாதிப் பேர் சாயங்காலக் காப்பியை விட்டார்கள், விட்டவர்கள் எல்லாரும் மறுநாள் தலைவலியோடு வந்து மீண்டும் பிடித்துக்கொண்டார்கள். விவாகரத்துச் சட்டத்தைப் பற்றி ஒரு வக்கீலம்மாவோடு பேசிய வாரம் முழுக்க ஆண்கள் சாப்பிட்ட தட்டை அவர்களே கழுவினார்கள். செவ்வாய்க் கிரகத்துக்கு ஆள் அனுப்புவதைப் பற்றி ஒருவர் வந்து பேசினார், அங்கே தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்றே இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம் என்றார், குழாயடியில் பெண்கள் அதைக் கேட்டுவிட்டு, அப்படியென்றால் அதுவும் நம்ம பஞ்சாயத்தில்தான் இருக்கிறது என்று முடிவுக்கு வந்தார்கள். பழைய சாக்கடைகளின் வரலாறு, தேனீ வளர்ப்பு, கடன் இல்லாமல் வாழ்வது, பேயை நம்பலாமா கூடாதா, எல்லாம் வந்தது. எதற்கும் ஊர் அசரவில்லை, எதையும் ஊர் விடவுமில்லை.

எந்த நாளில் எது வரும் என்பது சாப்பாட்டில் இருக்கிறது என்பதைக் கண்டுபிடித்ததும் சண்முகக்கனிதான். இதை அவள் நிஜமாகவே கண்டுபிடித்தாள், ஏனென்றால் யார் வீட்டில் என்ன குழம்பு என்பது அவளுக்கு எப்போதுமே தெரியும். சாம்பார் என்றால் வரலாறு, அதிலும் முருங்கைக்காய் போட்டால் ராஜா காலம், வெண்டைக்காய் போட்டால் வெள்ளைக்காரன் காலம். ரசம் என்றால் டாக்டர்கள் வருவார்கள். புளிக்குழம்புக்குப் புருஷன் பெண்டாட்டி சமாச்சாரம். மொச்சைப்பயறு என்றால் ராக்கெட், அதற்குக் காரணம் யாரும் கேட்கவில்லை. கருவாட்டுக் குழம்புக்குக் கொலை. ஒரு பழைய பங்களாவில் நடந்த கொலையைத் துப்புத் துலக்கிய போலீஸ்காரர் ஒருவர் ஒவ்வொரு கருவாட்டுக்கும் வந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார்.

அத்தோடு முப்புடாதியின் அடுப்பு முப்புடாதியுடையதாக இல்லாமல் போயிற்று. விடிந்தால் யாராவது ஒருவர் கருவாட்டைத் தாளில் சுற்றிக்கொண்டு வாசலில் நின்றார், அவரை மறித்துக்கொண்டு இன்னொருவர் முருங்கைக்காயோடு நின்றார். காலனி கொலைக்கட்சி, ராஜாகட்சி என்று இரண்டாகப் பிரிந்தது. கொலைக்கட்சிக்காரர் பெண்ணுக்கு ராஜாகட்சியில் மாப்பிள்ளை பார்த்து, எந்தக் குழம்பு வைப்பது என்ற பேச்சில் அந்தச் சம்பந்தமே முறிந்தது. அப்புறம் புரட்டாசி பிறந்தது. கோமதிநாயகம் புரட்டாசி முழுக்கக் கவிச்சி தொடமாட்டார், அவர் அப்பா காலத்திலிருந்து அப்படி. பங்களாவின் மாடியறைக் கதவைப் போலீஸ்காரர் திறக்கப்போகிற இடத்தில் கொலை அப்படியே நின்றுபோனது. ராஜாகட்சியினர் மாதம் முழுக்கச் சாம்பாரில் நீந்தினார்கள், கொலைக்கட்சியினர் கன்னத்தில் கை வைத்துச் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள், பெருமாளை வாய்விட்டுத் திட்டவும் முடியவில்லை.

இவ்வளவு அமளியிலும் முப்புடாதி கட்டிலின் தலைமாட்டில் உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டுதான் இருந்தாள். அவளுக்கு இதில் எந்தக் கட்சியும் இல்லை. அவளுக்கு இருந்தது வயிற்றெரிச்சல், அதைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

என்ன வயிற்றெரிச்சல் என்றால், அந்த மனுஷன் கேள்வி கேட்கிற அழகு. எவனோ மலையில் தேனெடுக்கிறவன் வந்தான், அவனிடம் இவர் கேட்கிறார், முதல் தடவை அந்த உயரத்துல ஏறி நின்னப்ப உங்களுக்கு யார் ஞாபகம் வந்துச்சு என்று. தேனெடுக்கிறவன் என் அம்மா என்றான், சந்துப் பெஞ்சில் இருந்த ஆண்கள்கூட மூக்கை உறிஞ்சினார்கள். ஜெயிலில் இருந்து வந்த ஒரு திருடனிடம், உள்ள இருந்தப்ப நல்லாத் தூங்கினீங்களா என்று விசாரிக்கிறார். திருடனிடம்! தலைமாட்டில் உட்கார்ந்திருக்கிற பெண்டாட்டி கல்யாணமான நாளிலிருந்து தூங்கினாளா இல்லையா என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பாரா இந்த ஆளு? அவளோடு பேச ஆள் இல்லாமல் இல்லை, வாயைத் திறந்தால் மூட விடாத சண்முகக்கனி பக்கத்து வீட்டிலேயே இருக்கிறாள். அவளைக் கேட்கத்தான் ஆள் இல்லை. சோறு ஆச்சா, சாவி எங்கே, தண்ணி வந்துச்சா, இதைத் தவிர வேறு ஒரு கேள்வியை அவளை நோக்கி யாரும் எடுத்து வைத்ததில்லை. ஊரில் உள்ள தேனெடுக்கிறவனும் திருடனும் வந்து உட்காருகிற அந்த இடத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், தானும் உட்கார வேண்டும், அந்தக் குரல் தன்னைப் பார்த்துக் கேட்க வேண்டும் என்று அவளுக்கு ஏக்கம் பிடித்துக்கொண்டது. சொன்னால் வெட்கக்கேடு, ஆனால் ஏக்கம் ஏக்கம்தான்.

ஒரு தடவை அதற்கு வழியும் செய்து பார்த்தாள். யாரையும் கேட்காமல், கருவாட்டையும் முருங்கைக்காயையும் தள்ளி வைத்துவிட்டு, தனக்குப் பிடித்ததாகத் தேடித் தேடிச் சமைத்தாள், பருப்புத் துவையல், கூழ்வத்தல், பூண்டு தட்டிப் போட்ட மிளகுத் தண்ணீர், அவள் கல்யாணத்துக்கு முன்னால் தாய்வீட்டில் சாப்பிட்டது எல்லாம். தலையை வாரி, பூ வைத்துக்கொண்டு, கட்டிலோரம் உட்கார்ந்தாள். கோமதிநாயகம் மூச்சை இழுத்தார். வந்தது வருமான வரி ஆலோசகர். மத்தியானம் முழுக்க வரி விலக்கைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார், காலனியில் வரி கட்டுகிற அளவுக்குச் சம்பளம் வாங்குகிறவர் யாரும் இல்லாததால் கூட்டம் பாதியிலேயே கலைந்தது, தங்கப்பாண்டி வந்து இனிமேல் கமிட்டியைக் கேட்காமல் சமைக்கக் கூடாது என்று முப்புடாதியிடம் சொல்லிவிட்டுப் போனார். அன்று அவள் பொறுக்காமல் சண்முகக்கனியிடம் மனசைத் திறந்தாள். சண்முகக்கனி கெட்டவள் இல்லை, இருந்தாலும் கேட்டுவிட்டு, நம்மகிட்ட கேக்கதுக்கு என்ன மதினி இருக்கு என்றாள். முப்புடாதிக்கு அது சுருக்கென்று தைத்தது, ஏனென்றால் அவளும் உள்ளுக்குள் அதைத்தான் நினைத்திருந்தாள்.

புரட்டாசி முடிந்தது. முடிந்த மறுநாள் என்ன குழம்பு என்பதில் இரண்டு கட்சிக்கும் அடிதடி ஆகிற நிலைமை. தங்கப்பாண்டி யோசித்தார், யோசித்தால் அவருக்கு ஏதாவது பெரிதாகத்தான் தோன்றும். காலனியில் எத்தனை வீடோ அத்தனை வீட்டுக் குழம்பும் வரட்டும், எல்லாவற்றையும் ஒரே அண்டாவில் கொட்டிச் சோற்றோடு கிளறி ஊர்க் கூட்டாஞ்சோறு ஆக்குவோம், ஒரு குழம்புக்கு ஒரு விஷயம் தெரிந்தவர் வருகிறார் என்றால் எல்லாக் குழம்புக்கும் எல்லாம் தெரிந்த ஒருவர் வந்துதானே ஆகவேண்டும், அவரிடம் ராஜாவையும் கேட்கலாம், கொலைகாரன் யார் என்பதையும் கேட்கலாம் என்றார். ஊரே கை தட்டியது. நூல் மில்லில் பத்து ரகப் பஞ்சைக் கலந்து ஒரே நூலாக இழுக்கிற ஆட்களுக்கு இதில் தப்பு எதுவும் தெரியவில்லை. வயித்துக்கு ஒத்துக்காது என்று முப்புடாதி ஒருத்திதான் சொன்னாள், அவளை யாரும் கேட்கவில்லை என்று உங்களுக்கே தெரியும்.

அன்றைக்கு அவள் வீட்டு அடுப்படியில் அவளுக்கு நிற்க இடமில்லை. அண்டா கட்டிலைவிட உயரமாக இருந்தது. பாகற்காயும் பாயசமும், கருவாடும் காரட் அல்வாவும் ஒன்றாக விழுந்து ஒரு நிறத்துக்கு வந்தன, அந்த நிறத்துக்குத் தமிழில் வார்த்தை கிடையாது. நைட் ஷிப்ட் முடித்து வந்த கோமதிநாயகம் தன் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருப்பதைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை, கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்தார். ஒரு கரண்டிக்குப் பிறகு உள்ளங்கையைக் காட்டினார். அந்தக் கையைத் தாண்டி இன்னொரு கரண்டி விழுந்தது, எங்க வீட்டுது இன்னும் உள்ள போகல அண்ணே என்று சொல்லிச் சொல்லிப் போட்டார்கள். வைகுண்டம் அண்ணாச்சி காராச்சேவைத் தூவினார். ஒரு வழியாகச் சாப்பிட்டு, தள்ளாடி வந்து கட்டிலில் விழுந்தார். காலனி மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது.

கோமதிநாயகம் மூச்சை இழுத்தார். வணக்கம், இன்னைக்கு நம்ம கூட ஒரு முக்கியமான விருந்தாளி இருக்காங்க என்றார். மூச்சை விட்டார். வெறும் காற்று வந்தது, கொஞ்சம் பெருங்காய வாசனையோடு.

மறுபடி இழுத்தார். உங்களைப் பத்திச் சொல்லுங்க என்றார். மறுபடி வெறும் காற்று. கொலைக்கட்சி ராஜாகட்சியைப் பார்த்தது. பாகற்காய் போட்டது யார் என்று தங்கப்பாண்டி பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். பாயசம் போட்டவர்கள் பாகற்காய் போட்டவர்களைக் கை காட்டினார்கள். கட்டிலில் கோமதிநாயகத்துக்கு வேர்த்துக் கொட்டியது. அவர் மூச்சை இழுத்து இழுத்து, விருந்தாளி வரட்டும் என்று வாசலிலேயே நிற்கிற வீட்டுக்காரர் கணக்காகத் தவித்தார், கேள்வியெல்லாம் குறைந்து, குரல் சின்னதாகி, கடைசியில், "யாருமே வரலையா?" என்று கேட்டார்.

முப்புடாதிக்கு அதைக் கேட்டதும் ஆத்திரமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. பாவமாக இருந்தது. ஒரு மனுஷன் இத்தனை பேருக்கு நடுவில் படுத்துக்கொண்டு யாருமே வரலையா என்று கேட்கலாமா. அவர் மூச்சை விட்டபோது, அந்த வெறும் காற்றுக்குள், கையில் கரண்டியோடு நின்றபடியே அவள் சொன்னாள்.

"நான் இருக்கேன்."

கூட்டம் திரும்பிப் பார்த்தது. கோமதிநாயகம் நிம்மதியாக ஒரு மூச்சு இழுத்தார். "வாங்க, உக்காருங்க. தண்ணி குடிக்கீங்களா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. இந்த வீட்டில் இத்தனை வருஷத்தில் அவளை யாரும் வாங்க என்று கூப்பிட்டதில்லை, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டதுமில்லை, அவள் கொண்டுவந்த தண்ணீரை அவளுக்கே நீட்டுகிற மாதிரி இருந்தது. வேண்டாம் என்றாள், கட்டிலோரம் உட்கார்ந்தாள். பேரென்ன என்று கேட்டார், முப்புடாதி என்றாள். என்ன வேலை பாக்கீங்க என்றார், பீடி சுத்துதேன் என்றாள். கூட்டத்தில் யாரோ சலித்துக்கொண்டு எழுந்தார்கள். கோமதிநாயகம் விடவில்லை. பீடி சுத்தும்போது கை அதும் பாட்டுக்கு ஓடுமே, அப்ப மனசு எங்க போகும் என்று கேட்டார்.

அவள் கரண்டியை மறு கைக்கு மாற்றினாள். அவர் அவசரப்படாமல் மூச்சை இழுத்து விட்டுக்கொண்டு காத்திருந்தார். அப்புறம் அவள் சொன்னாள், ஒரு பஸ்ஸுக்குள்ள போகும் என்று. எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள்.

எந்த பஸ் என்றார் அவர். என்னைப் பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு நான் ஏறுன பஸ் என்றாள். தாய்வீடு சங்கரன்கோவிலுக்குப் பக்கத்துக் கரிசக்காட்டு ஊர், குளத்தைத் தவிரப் பெரிய தண்ணீர் எதையும் அவள் கண்ணால் பார்த்தது கிடையாது. மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள், வெற்றிலை வாங்கிக்கொண்டு வா என்று காலையில் ஆத்தா அனுப்பினாள். புதுத் தாவணி கட்டி, வெற்றிலையை வாங்கிக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டைத் தாண்டும்போது, திருச்செந்தூர் போர்டு போட்ட பஸ் ஒன்று புறப்படப்போனது. கல்யாணமாகிவிட்டால் இனி எந்த ஊருக்கு யார் கூட்டிப்போகப் போகிறார்கள், ஒரே ஒரு தடவை கடலைப் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடலாம் என்று தோன்றியது, ஏறிவிட்டாள். ஜன்னலோரம் இடம் கிடைத்ததைச் சொன்னாள். வெற்றிலையை மடியில் வைத்து முந்தானையால் மூடிக்கொண்டதைச் சொன்னாள். கண்டக்டர் தனியாகவா வந்தாய் என்று கேட்டதற்கு, பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவரைக் காட்டி அதுதான் எங்க தாத்தா என்று புளுகியதைச் சொன்னபோது பாயில் இருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பயமா இருந்துச்சா என்று கோமதிநாயகம் கேட்டார். பயமா இல்ல, அதுதான் பயமா இருந்துச்சு என்றாள். பாதி வழியில், ரெண்டு பக்கமும் பனங்காடாக இருக்கிற இடத்தில் பஸ் டயர் வெடித்து நின்றது. எல்லாரும் இறங்கினார்கள், அந்தப் பெரியவரும் இறங்கினார், நேரே அவளிடம் வந்தார்.

அந்த இடத்தில் முப்புடாதி நிமிர்ந்து பார்த்தாள். கொலைக்கட்சிக்காரர்கள் முழங்காலில் நகர்ந்து முன்னால் வந்திருந்தார்கள். தங்கப்பாண்டி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். வைகுண்டம் அண்ணாச்சியின் வாய் திறந்திருந்தது, உள்ளே சேவு மெல்லப்படாமல் கிடந்தது. சண்முகக்கனியின் உதடு இப்போதே அசைந்தது, நாளைக்குக் குழாயடியில் சொல்வதற்கு ஒத்திகை. அந்த பஸ்ஸை முப்புடாதி யாருக்கும் கொடுத்ததில்லை, ஆத்தாவுக்குக்கூட. இவர்களுக்குக் கொடுத்தால் நாளைக்கே அதில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, டிக்கெட்டைக் கிழித்துப் போட்டுவிடுவார்கள். அவள் நிறுத்திக்கொண்டாள்.

கோமதிநாயகம் கொஞ்சம் காத்திருந்தார். பிறகு எல்லா விருந்தாளியிடமும் கடைசியாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டார், கேட்டுக்கிட்டிருக்கிறவங்களுக்கு ஒரே ஒரு விஷயம் சொல்லணும்னா என்ன சொல்வீங்க என்று. இந்தக் கேள்விக்கு இதுவரை வந்த விருந்தாளிகள் எல்லாரும் விடாமுயற்சி, தன்னம்பிக்கை என்று ஏதாவது ஒன்றைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"எல்லாரும் எந்திரிச்சு வீட்டுக்குப் போங்க," என்றாள் முப்புடாதி. "நான் இன்னும் சாப்பிடல."

கூட்டம் நம்பவில்லை. பெரியவர் என்ன சொன்னார் என்று மட்டுமாவது சொல்லிவிடு மதினி என்று சண்முகக்கனி கெஞ்சினாள். கொலையை வேண்டுமானால் விட்டுவிடுகிறோம், பஸ்ஸை முடித்துவிடுங்கள் என்று கொலைக்கட்சி இறங்கிவந்தது. முப்புடாதி கரண்டியைக் கீழே வைக்கவில்லை. செருப்பு தேடி ஒருவர் செருப்பை ஒருவர் மாட்டிக்கொண்டு எல்லாரும் போனார்கள். அவள் ஜன்னலைச் சாத்தினாள். அண்டாவில் மிச்சமிருந்ததை ஒரு வாய் எடுத்துப் பார்த்துவிட்டு, மோர் ஊற்றிப் பழைய சோற்றைச் சாப்பிட்டாள். கட்டிலிலிருந்து லாரி மேடேறுகிற சத்தம் கேட்டது.

மறுநாளிலிருந்து வந்ததெல்லாம் அந்த லாரிதான். கருவாடு வைத்துப் பார்த்தார்கள், இரண்டு முருங்கைக்காய் சேர்த்துப் போட்டுப் பார்த்தார்கள், மொச்சைப்பயறுக்கு வந்தது ராக்கெட் இல்லை. கமிட்டி கலைந்தது, இரண்டு கட்சியும் பேசுவதற்கு வேறு ஒன்றுமில்லாமல் சமாதானமாகி அந்தக் கல்யாணத்தையும் நடத்திவிட்டார்கள். பங்களாவில் கொலை செய்தது யார் என்பது இன்றுவரை மில் காலனிக்குத் தெரியாது. ஆனால் குழாயடியில் அவர்கள் இப்போதும் அடித்துக்கொள்வது அதற்காக அல்ல, அந்தப் பெரியவர் முப்புடாதியிடம் என்ன சொல்லியிருப்பார் என்பதற்காக.

அதெல்லாம் பிறகு. கூட்டம் போன அன்றைக்குச் சாயங்காலம் கோமதிநாயகம் எழுந்தார், வயிற்றைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தார். முப்புடாதி டீயைக் கொடுத்தாள். அவர் பெருவிரலை உதட்டுக்குக் கொண்டுபோகவே இல்லை, டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு ஆவியையே பார்த்துக்கொண்டிருந்தார். மில்லில் சங்கு ஊதியது. சைக்கிள் சாவி ஆணியில் தொங்கியது. அவர் எழவில்லை.

"அன்னைக்கு உங்க வீட்டுல காலையிலருந்து உக்காந்திருந்தோம்," என்றார்.

முழித்திருக்கையில் அவ்வளவு நீளமாக அவர் பேசி அவள் கேட்டதே இல்லை.

"வெத்தலை வாங்கப் போயிருக்கா, இந்தா வந்துருவா, இந்தா வந்துருவான்னு உங்க ஆத்தா காப்பியா ஊத்துனாக. எங்க அப்பா கிளம்பலாம்னாரு. நான்தான் இருப்போம்னேன்." ஒரு மடக்கு டீ குடித்தார். "நீ வந்து தட்டை நீட்டுனப்ப, காலு பூராப் புழுதி. வெத்தலை வாடிப் போயிருந்துச்சு."

முப்புடாதி குனிந்து தன் காலைப் பார்த்தாள். இந்த ஆளு அதைப் பார்த்திருக்கிறார். அன்றைக்கே பார்த்திருக்கிறார், பார்த்ததை வாயிலேயே அடக்கிக்கொண்டு, இத்தனை காலம் 'ம்' போட்டுக்கொண்டு குடித்தனம் நடத்தியிருக்கிறார். அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது, அந்த டம்ளரைப் பிடுங்கி எறியலாமா என்றுகூட இருந்தது.

அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

"கடலைப் பாத்தியா, இல்லையா?"

வெளியே ஜன்னலுக்குக் கீழே சண்முகக்கனி மூச்சு விடுகிற சத்தம் நன்றாகவே கேட்டது. முப்புடாதி மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்தாள், வாசலுக்குப் போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள், பீடித் தட்டைத் தூக்கிப் பரண் மேல் வைத்தாள், அவர் கட்டிலிலேயே, அவர் பக்கத்திலேயே, காலை மடக்கி உட்கார்ந்தாள்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க," என்றாள். "அது ஜன்னலோர சீட்டு."